முட்டையில் ஒரு வண்ணப்பசை

காந்தி மார்க்கெட்டுப் பக்கம் போகும்போது நாட்டுமருந்துக் கடையில் கொஞ்சம் காவிக்கல்லும் கருவேலம் பிசினும் வாங்கி வாருங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் ஒரு முட்டையும் எடுத்து வையுங்கள். ஒரு சோதனை செய்து பார்ப்போம்.

காவிக்கல்லை நன்றாக இடித்துத் துணியில் சலியுங்கள். பொடியை வெறும் தண்ணீரில் குழைத்து அட்டையில் பூசினால் என்ன ஆகும்? காய்ந்ததும் விரலோடு வந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடுகிறது. பொடியை அட்டையோடு பிணைக்க ஒரு பசை வேண்டும்.

பிசின் அத்தகைய பசைதான். ஆனால் அது காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். படத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் கறைதான்.

மஞ்சள்கருவின் தன்மை வேறு. அதில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. மீதி பெரும்பாலும் புரதம். எண்ணெயும் தண்ணீரும் சேராதே என்பீர்கள். இங்கு அவற்றைச் சேர்த்து வைப்பது லெசித்தின். அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். அதனால் கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து நீரில் பரவி நிற்கிறது. இதைப் பால்மம் என்கிறோம். நீர் வெளியேறியதும் புரதமும் கொழுப்பும் உறுதியான படலமாகின்றன. அந்தப் படலம் தண்ணீரில் எளிதில் கரையாது.

இத்தாலியில் 1400-ஐ ஒட்டி ஓவியக்கலை நூல் எழுதிய சென்னினோ சென்னினி, இளைஞர் முகம் தீட்ட நகரத்துக் கோழியின் வெளிறிய கருவையும், முதியோர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவையும் பரிந்துரைத்தார். இந்த நிற வேறுபாட்டுக்குக் காரணம் தீனி. கீரையும் புல்லும் கொத்தித் தின்னும் கோழிக்கு அவற்றிலுள்ள கரோட்டினாய்டுகள் கிடைக்கின்றன. அவையே கருவுக்கு நிறம் தருகின்றன.

முட்டை இல்லாமலும் நிறத்தை நிலைக்கச் செய்யலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில் சுண்ணாம்பே பசை. ஈரச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டைஆக்ஸைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி நிறத்தை இறுகப் பிடித்தது. முட்டை ஓட்டின் பெரும்பகுதியும் அதே பொருள்தான்! ஓட்டைக் கழுவி, காயவைத்து, மாவாக அரைத்தால் வெள்ளை நிறப்பொடி தயார்.

இனி சோதனை. வெள்ளைக்கருவை நீக்குங்கள். மஞ்சள்கருவின் மேல்தோலைக் கிள்ளி, உள்ளிருப்பதை மட்டும் வடித்து, அதே அளவு தண்ணீர் சேருங்கள். ஓர் அட்டையில் காவிப்பொடியைத் தண்ணீர், பிசின்நீர், கரு ஆகியவற்றில் தனித்தனியே குழைத்து மூன்று பட்டைகள் தீட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து ஈரப்பஞ்சால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். நான்காவதாக மஞ்சள்தூளையும் கருவில் குழைத்துத் தீட்டி வெயிலில் வையுங்கள். பசை உறுதியாக இருந்தும் மஞ்சள் வெளிறும்; இரும்பு ஆக்ஸைடான காவி நிலைக்கும். ஏன் என்று யோசியுங்கள்.

கருக்கலவை சீக்கிரம் கெட்டுவிடும், அன்றன்றே பயன்படுத்துங்கள். பச்சை முட்டையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ மறக்காதீர்கள்.