பெருமை பேசும் ஆங்கிலம்

— ஒரு மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

மொழி என்பது சொற்களின் கூட்டம் மட்டுமன்று. அதைப் பேசும் மக்களின் உள்ளப்பாங்கும் அதில் அடங்கியிருக்கிறது என்பார்கள். இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை. எங்கள் டீக்கடையில் கற்றேன்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்று அப்பால், என் தந்தை சிறிய டீக்கடை வைத்திருக்கிறார். 1896-ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்த ரமண மகரிஷி, 1950-இல் மறையும் வரை இந்த மலையை விட்டு அகலவில்லை. தம் இந்தியப் பயணத்தில் அவரைக் கண்ட பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயரின் நூல் 1934-இல் வெளிவந்த பின், ஆங்கிலம் பேசும் நாடுகளில் அவர் பெயர் பரவியது. இன்றும் மார்கழி, தை மாதங்களில் எங்கள் கடை பெஞ்சில் அயல்நாட்டார் பலர் அமர்ந்து டீ குடிப்பதைக் காணலாம்.

சென்ற ஆண்டு அப்படி வந்த ஓர் அம்மையார் என் கையிலிருந்த கணிதப் புத்தகத்தைப் பார்த்தார், விசாரித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான் என்று அறிந்ததும், என் தந்தையை நோக்கி, “யூ மஸ்ட் பீ வெரி ப்ரௌட் ஆஃப் ஹர்!” என்றார்.

“அந்தம்மா இன்னா சொல்லுது?” என்று அப்பா கேட்டார்.

என் புகழை நானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை! கூச்சத்தோடு, “என்னை நெனச்சு நீங்க ரொம்பப் பெருமைப்படணுமாம்ப்பா” என்றேன்.

அப்பா டீ ஆற்றிக்கொண்டே, “அத அந்தம்மா சொல்லித்தான் நான் படணுமா?” என்றார்.

அம்மையார் என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பினேன். தவறு என்னுடையது என்பது இரவில்தான் விளங்கிற்று. ‘மஸ்ட்’ என்ற சொல்லுக்குக் கட்டளைப் பொருளும் உண்டு. ஊகப் பொருளும் உண்டு. நம் ‘வேண்டும்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘நீ படிக்க வேண்டும்’ என்பது கட்டளை. ‘இரவு மழை பெய்திருக்க வேண்டும்’ என்பது ஊகம். அம்மையார் கட்டளையிடவில்லை. ‘உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!’ என்றுதான் மகிழ்ந்திருக்கிறார். அன்று முதல், ஆங்கிலேயர் பெருமையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். கண்டவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ‘ப்ரௌட்’ என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. ‘ஹீ இஸ் ப்ரௌட்’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ‘அவன் செருக்குடையவன்’ என்ற பழியே தோன்றும். ‘ஹீ இஸ் ப்ரௌட் ஆஃப் ஹிஸ் சிஸ்டர்’ என்றால் அதுவே அன்பாகி விடுகிறது. நாமோ பெருமிதம் வேறு, செருக்கு வேறு எனத் தனித்தனிச் சொற்களே வைத்திருக்கிறோம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்து, அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்தும் பிறக்கும் என்கிறது. அந்நான்கில் முதலில் நிற்பது கல்வி என்பதை மாணவர்களாகிய நாம் மறக்கலாகாது.

இரண்டாவது, ‘ப்ரௌட் ஆஃப்’ என்று சொல்ல ஓர் உறவு வேண்டும். தாய் மகளிடம் சொல்லலாம். ஆசிரியர் மாணவனிடம் சொல்லலாம். நண்பன் நண்பனிடம் சொல்லலாம். முன்பின் அறியாதவரிடம் சொன்னால், ‘இவருக்கு இதில் என்ன பங்கு?’ என்று தோன்றும். பேராசிரியருக்கு விருது கிடைத்தால் மாணவன் ‘சார், ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் யூ’ என்பது முதுகில் தட்டிக் கொடுப்பது போலாகும். ‘ஐ ஆம் ப்ரௌட் டு பீ யுவர் ஸ்டூடண்ட்’ என்பதே அடக்கம். உங்கள் மாணவனாக இருப்பது என் பெருமை என்பது அதன் பொருள்.

மூன்றாவது, வெளியாள் சொல்லும் முறை. அவர் பெருமையைத் தமக்கு எடுத்துக்கொள்ளாமல் உரியவரிடமே கொடுத்து விடுகிறார். ‘யூ மஸ்ட் பீ ப்ரௌட்’ என்பது அதற்கான வாக்கியம். நான் கெடுத்ததும் அதைத்தான்!

நான்காவது, செய்யும் தொழிலில் கொள்ளும் பெருமை. ‘டேக் ப்ரைட் இன்’ என்பார்கள். ஒரு தம்ளர் டீயையும் கறையில்லாத தம்ளரில்தான் கொடுப்பேன் என்று நிற்கிறாரே என் தந்தை, அதற்குப் பெயர் இதுதான்.

கணித மாணவியாகிய எனக்கு இங்கே ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வருகிறது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவரை அழைத்த பேராசிரியர் ஹார்டி அவ்வாண்டு இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இதுவரை எந்த இந்தியரும் பெறாத அறிவியல் புகழோடு இராமானுஜன் திரும்புவார், இந்தியா அவரை ஒரு செல்வமாகப் போற்றும் என்று நம்புகிறேன் என்பது அதன் கருத்து. வெற்றி அவருடைய எளிமையையும் அடக்கத்தையும் சிறிதும் மாற்றவில்லை என்றும் சேர்த்துக் கொண்டார். பெருமையைச் சொல்லி, செருக்கு இல்லை என்பதையும் சொன்ன நயம் காண்க!

ஹார்டி அதைப் பெற்று வளர்த்த மண்ணுக்கு எழுதினார் என்பது சிந்திக்கத் தக்கது. வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் இதைத்தானே சொல்கிறார்? தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும்போது, பெற்றபோது அடைந்ததை விடப் பெரிய மகிழ்ச்சி தாய்க்கு உண்டாகிறதாம். அந்தச் சொல் பிறர் வாயிலிருந்து வர வேண்டும். ஆங்கிலப் பெற்றோர் பிள்ளையிடமே நேராகச் சொல்லி விடுகிறார்கள். நம் பெற்றோர் கண்படும் என்று அஞ்சி, நம்மிடம் சொல்லாமல் அடுத்த வீட்டில் சொல்கிறார்கள். வழி வேறு, உள்ளம் ஒன்றே.

பொருள் விளங்கிய மறுநாளே கடைக்குப் போய், “அப்பா, நேத்து நான் தப்பா சொல்லிட்டேன். உங்களுக்குப் பெருமையா இருக்குமேன்னுதான் அந்தம்மா சொன்னாங்க” என்றேன்.

அப்பா தம்ளரைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “இருக்குது, இருக்குது. போய்ப் படி” என்றார்.

ஆங்கிலத்தில் எத்தனையோ வாக்கியங்கள் கற்றேன். இந்த நான்கு சொற்களுக்கு ஈடான மொழிபெயர்ப்பு இன்னும் கிடைக்கவில்லை.

தோழிகளே, தோழர்களே! முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் வீடுகளில் பாராட்டு இப்படித்தான் வரும். அதைக் கேட்கும் காது நமக்கு வேண்டும். ஆனால் நாமாவது வாய் திறந்து சொல்லலாமே! அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இந்த மலர் வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆகவே ஆங்கிலம் கற்றுத் தந்த முறையில், தமிழில் எழுதுகிறேன்: அப்பா, உங்கள் மகளாக இருப்பதில் எனக்குப் பெருமை.