மாத்திரைக்கு விரதம் தெரியுமா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரை வியாதிக்கோ இரத்தக் கொதிப்புக்கோ தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவராவது இருப்பார். 'இதை ஏன் இந்த வேளையில் சாப்பிடுகிறீர்கள்?' என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 'டாக்டர் சொன்னார்' என்பார். டாக்டர் சொன்னதற்கும் காரணம் இருக்க வேண்டுமல்லவா?

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை வியாதி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இன்சுலின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. சாப்பாடு வரும் என்ற நம்பிக்கையில்தான் காலை உணவோடு இதைத் தருகிறார்கள். கிருத்திகை விரதம் என்று பாட்டி மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? மாத்திரைக்கு விரதம் தெரியாது; அது தன் வேலையைச் செய்யும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

விரதம் இருக்கப் போவதைப் பாட்டி முன்பே சொல்லியிருந்தால், அன்றைக்கு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லியிருப்பார். பாட்டி சொல்லவில்லை; டாக்டரும் கேட்கவில்லை.

இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் வேறு வகை. இது இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. உடலில் சேர்ந்த மருந்தில் பாதி நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்ற கவலை இல்லை. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரு நாள் விட்டால் எதுவும் தெரியாது. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தாத்தா நிறுத்தியே விடுவார். இரத்தக் கொதிப்பு வலிக்காது. ஓசையில்லாமல் ஏறி, ஒரு நாள் பக்கவாதமாக வந்து நிற்கும்.

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று 2003இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை ஒன்று உண்டு. பஸ்ஸில் நெடுந்தூரம் போகும் பெண் அதைச் சாப்பிடாமல் விட்டால் குற்றம் யாருடையது? விஷயத்தைச் சொன்னால் டாக்டர் நேரத்தை மாற்றித் தரக்கூடும். மருந்து வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடுகிறதே என்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இத்தகையவர்களின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு செல்கிறது.

நீங்களும் ஒரு வேலை செய்யலாம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பரப்பி வையுங்கள். கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயரும் நிறமும் வேறான இரண்டு அட்டைகளில் ஒரே மருந்து இருந்தால், இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்ததைத் தாத்தா இரட்டிப்பாகச் சாப்பிடுகிறார் என்று பொருளாகலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தாளைத் தாத்தாவின் சட்டைப் பையில் வைத்து டாக்டரிடம் அனுப்புங்கள்.