பீதி நோயோடு சேரும் மனச்சோர்வு

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உடல் வியர்த்துக் கைவிரல்கள் மரத்துப் போகின்றன. உயிரே போய்விடும் என்ற அச்சம் ஆட்கொள்கிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பிறகு மெல்லத் தணிகிறது. 995-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் சென்றால், இதயத்தில் கோளாறு ஏதுமில்லை என்கின்றனர். இவ்வாறு திரும்பத் திரும்ப நேர்ந்து, மறுபடியும் வந்துவிடுமோ என்ற கவலை ஒரு மாதத்திற்கும் மேலாக நீடித்தால், மருத்துவர்கள் அதனைப் பீதி நோய் என்பர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பட்டியலில்தான் இது தனி நோயாக இடம்பெற்றது. அதற்கு முன்பெல்லாம் நம்மவர்க்கு எல்லாமே ‘நரம்புத் தளர்ச்சி’தான்!

பீதி நோயைப் பற்றி அன்பர்கள் பலர் இன்று ஓரளவு அறிந்திருக்கின்றனர். அதனோடு சேர்ந்து வரும் மனச்சோர்வைத்தான் வீட்டார் கண்டுகொள்வதில்லை.

பீதி வந்த இடத்தை நோயாளி தவிர்க்கத் தொடங்குகிறார். முதலில் எம்.ஆர்.டி. இரயில், அடுத்து மின்தூக்கி, பிறகு தேக்கா சந்தை, திருமண விருந்து, திருவிழாக் கூட்டம். கடைசியில் வீட்டின் நான்கு சுவர்களே எஞ்சுகின்றன. வேலை போகலாம், நண்பர்கள் அழைப்பதும் நின்றுபோகலாம். பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. இரண்டும் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வே முந்திக்கொள்வதும் உண்டு.

இங்கேதான் குடும்பம் ஏமாறுகிறது. வெளியே போகாதவருக்குப் பீதியும் குறையக்கூடும். “இப்போது பரவாயில்லை, அமைதியாக இருக்கிறான்” என்று தாயார் நிம்மதி அடைகிறார். கூச்சலிடும் பிள்ளையின் மீதே ஆசிரியரின் கண் இருக்கும். கடைசி வரிசையில் பேசாதிருக்கும் பிள்ளை கவனத்திற்குத் தப்பிவிடும் என்பது வகுப்பறையில் பல்லாண்டு நின்றவர்க்குத் தெரியும். விடியுமுன்பே விழித்துக்கொள்கிறாரா, பசியில்லையா, விரும்பிக் கேட்ட பாட்டிலும் நாட்டமில்லையா என்று உற்றுநோக்க வேண்டும். இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுவது அவசியம்.

ஏனெனில், மனச்சோர்வு பீதி நோய்க்கான சிகிச்சையையே முடக்கிவிடுகிறது. அச்சிகிச்சையில், அஞ்சிய இடங்களுக்குச் சிறுகச் சிறுகத் திரும்பப் பழக வேண்டும். இன்று இரயில் நிலையம் வரை, அடுத்து ஒரே ஒரு நிறுத்தம். எதிலும் பயனில்லை என்று கிடப்பவருக்கு இதற்கான தெம்பு எங்கிருந்து வரும்? அதைச் சோம்பல் என்று ஏசுவது கொடுமை.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் இரண்டு நோய்க்கும் உதவும். பலன் தெரியச் சில வாரங்களாகும். தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம் என்பதால் மருத்துவர் சிறிய அளவில் தொடங்குவார். இது தெரியாமல் முதல் வாரத்திலேயே மாத்திரையைக் கைவிடுவோர் உண்டு. விரதத்தை முன்னிட்டு நிறுத்துவோரும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்யலாகாது. உடனடி அமைதி தரும் டயஸிபாம் போன்றவை மனச்சோர்வைத் தீர்ப்பதில்லை. நாளடைவில் விடமுடியாத பழக்கமாகிவிடலாம்.

இரண்டும் சேர்ந்தவரிடம் தற்கொலை எண்ணம் எழும் ஆபத்து அதிகம். அதுபற்றி நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் தூண்டப்படுவதில்லை. போலீஸ் வழக்காகும் என்ற பழைய அச்சமும் வேண்டாம். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமன்று. 1767 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம்.

முதலில் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திற்கே செல்லலாம். வீட்டார் ஒருவர் உடன் செல்வது நலம். நோயாளி படபடப்பை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். தூக்கமும் பசியும் போனதை உடன் சென்றவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.