அசோகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

வாரத்தில் ஒருநாள் ஓய்வு. அதிலும் பாதி துணி துவைப்பதில் கழிகிறது. மும்பைத் தமிழர்கள் மீதிப் பொழுதுக்கு விரார் வண்டியில் நாலாசோபாரா போய் வரலாம்.

நிலையத்துக்கு மேற்கே, பழைய துறைமுகமான சோபாராவில் செங்கல் தூபி ஒன்று உள்ளது. 1882-இல் பகவான்லால் இந்திரஜி தோண்டியபோது பேழையும் எட்டு வெண்கலச் சிலைகளும் கிடைத்தன. அதே ஊரில் கிடைத்தது அசோகரின் எட்டாம் கல்வெட்டுத் துண்டு. முன்னாள் மன்னர்கள் வேட்டைக்கு ஊர் சுற்றினார்கள். அவரோ பெரியோரையும் நாட்டுப்புற மக்களையும் காண அறப்பயணம் போனார் என்பதே அதன் பொருள்.

தூபியைப் பார்த்துவிட்டுக் களம்ப் கடற்கரைக்குப் போனால் சவுக்கு நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

சக்கரவர்த்திக்கே அப்படியொரு பயணம் தேவைப்பட்டது. ஆறுநாள் உழைப்பவருக்கு வேண்டாமா?