காற்றுத் துப்பாக்கி: தேர்வும் பராமரிப்பும்

காற்றுத் துப்பாக்கி என்பது வெடிமருந்து இல்லாமல், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியாகும். பேச்சு வழக்கில் இது ஏர்கன், ஏர் ரைஃபிள் எனப்படுகிறது. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற டிராப் பிரிவு இதுவன்று. அதில் பறக்கும் தட்டுகளை ஷாட்கன்னால் சுடுவர். ஏர் ரைஃபிள் போட்டியில் 10 மீட்டர் தொலைவில் அசையாமல் நிற்கும் இலக்கைச் சுட வேண்டும். இது 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ளது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் புகழ்பெற்றதும் இப்பிரிவில்தான்.

தேர்வு

புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் அதிக வேகமுள்ள துப்பாக்கியையே தேடுகின்றனர். இலக்குப் பயிற்சிக்கு அது தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல் மட்டுமே. ஆனால் இலக்கின் பத்தாம் புள்ளி 0.5 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதைத் தொட உதவுவது வேகமன்று, ஒரே சீரான விசையே. சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கி விலை குறைவு, ஆனால் சுடும்போது அதிரும். காற்று உருளை பொருத்திய பி.சி.பி. வகை அதிராது, விலை அதிகம், காற்று நிரப்பவும் வசதி வேண்டும். தொடக்கத்தில் பயிற்சி மையத்தின் துப்பாக்கியில் பழகிவிட்டு, கட்டையின் நீளம் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. போட்டியில் 5.5 கிலோகிராம் வரை எடை அனுமதிக்கப்படுகிறது. பள்ளி மாணவருக்கு அவ்வளவு எடை சுமையே.

2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலையோ 0.177 அங்குலத் துளையையோ (ஏறத்தாழ 4.5 மி.மீ.) தாண்டும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. உரிமம் தேவைப்படாத துப்பாக்கியாலும் பறவைகளைச் சுடக்கூடாது. மயில்களுக்குப் பெயர்பெற்ற விராலிமலையைக் கொண்ட மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது: மயிலைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

தடுப்பு

2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பாதுகாப்புப் படையினரின் சுடுபயிற்சியின்போது, தளத்துக்கு வெளியே இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். அங்கே பயன்பட்டவை வெடிமருந்துத் துப்பாக்கிகள். ஆயினும் ஏர்கன் குண்டும் தடையின்றிச் சென்றால் சில நூறு மீட்டர் போகக்கூடும், அருகில் கண்ணைப் பறிக்கும். எனவே இலக்குக்குப் பின்னால் பழந்துணி இறுக்கி அடைத்த தடித்த மரப்பெட்டியும், அதன் பின்னால் முழுச் சுவரும் வேண்டும். கருங்கல்லை இலக்காக வைத்தால் குண்டு தெறித்துத் திரும்பும்.

பராமரிப்பு

சுருள்வில் துப்பாக்கியைக் குண்டில்லாமல் சுடுவதே அதைக் கெடுக்கும் முதல் வழி. குண்டு இருந்தால் அதன் பின்னால் சேரும் காற்று, பாய்ந்து வரும் உந்துதண்டுக்கு மெத்தைபோல் இருக்கும். அது இல்லாதபோது உந்துதண்டு உருளையின் முனையில் நேராக மோதி, அடைப்பு வளையம் சிதையும். வில்லை மடக்கிய நிலையில் இரவு முழுவதும் வைத்தால் அது தளரும். காற்றறைக்குள் சாதாரண எண்ணெய் விடக்கூடாது. அழுத்தத்தில் சூடாகி அது தீப்பற்றும்.

குழலின் உட்புறத்தை அடிக்கடி தேய்க்க வேண்டியதில்லை. குறி தவறத் தொடங்கும்போது துப்புரவுப் பஞ்சு உருண்டைகளைச் செலுத்தினால் போதும். வெளிப்புறம் அப்படியன்று. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமும் இரும்பை விரைவில் துருவேற்றும். கைபட்ட இடங்களை அன்றே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு வைத்த உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பது தவறு. உறை ஈரத்தைத் தேக்கும். வில்லை விடுவித்து, குண்டுகளைத் தனியே பிரித்து, பூட்டிய அலமாரியில் வைக்கலாம். குண்டு ஈயம் என்பதால், தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் உணவு உண்ணக்கூடாது.

பி.சி.பி. வகையின் உருளை ஏறத்தாழ 200 பார் அழுத்தம் தாங்குகிறது. அதில் பொறித்துள்ள காலாவதித் தேதியைக் கடந்த உருளையில் காற்று நிரப்பக்கூடாது. பழைய துப்பாக்கியை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை.