தேத்தண்ணிக்குக் குத்துதோ?

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா கழுத்தைத் தொட்டுக் காட்டினா.

"இதில ஏதோ குத்துது தம்பி. விழுங்கேக்க சில நேரம் 'டிக்' எண்டும் கேக்குது. அந்த நேரத்துச் செல் துண்டு இடம் மாறுதோ?"

வேறு ஊரென்றால் மீன் முள்ளைச் சந்தேகிப்பார்கள். முள்ளிவாய்க்காலில் உடம்பில் எங்கே குத்தினாலும் 2009 மே மாதப் போரில் விழுந்த செல்தான் நினைவுக்கு வரும். அக்காவின் பிடரியில் ஒரு சின்னத் தழும்பும் இருக்கிறது.

"தேத்தண்ணியை ஒரு மிடறு குடியுங்கோ. குத்துதோ?"

"இல்லை. வெறும் எச்சில் விழுங்கினாத்தான்."

இந்தப் பதில் பாதி வழியைக் காட்டிவிடும். எச்சிலுக்குக் குத்தி, சோற்றுக்கும் தண்ணிக்கும் தெரியாமல் போனால், பெரும்பாலும் அது அடைப்பில்லை. உணவுக்குழாயின் வாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. புளித்த நீர் மேலே வந்தாலும், மனம் பதைத்தாலும் அது இறுகும். ஏதோ இருக்கிறதென்று நாம் திரும்பத் திரும்ப விழுங்குவோம். வாய் வறளும், இறுக்கம் இன்னும் கூடும். இதைப் பெண்களின் மனக்கோளாறு என்றுதான் ஐரோப்பிய வைத்தியம் நெடுங்காலம் சொல்லி வந்தது. 1968இல் மல்கம்சன் என்ற வைத்தியர் அந்தப் பழியை நீக்கி, தொண்டைக் கோளாறாகவே பெயர் வைத்தார். ஆகவே "உனக்கு விசர்" என்று யாரும் தள்ளிவிட இடமில்லை.

"அப்ப 'டிக்' சத்தம்?"

தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி இறங்கும் லாட வடிவ எலும்பு, வேறெந்த எலும்போடும் இணையாமல் தசைகளில் தொங்குகிறது. அதன் நுனியோ குரல்வளைக் குருத்தெலும்பின் கொம்போ பக்கத்தில் உரசினால் சொடுக்குச் சத்தம் வரும். நோவில்லாவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. இன்னொன்று, காதுக்குக் கீழே இறங்கும் ஊசி போன்ற எலும்பு. வழமையில் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். அது மூன்றைத் தாண்டினால் சிலருக்குத் தொண்டையில் குத்தும், தலையைத் திருப்பக் காதுவரை இழுக்கும். அமெரிக்காவில் ஈகிள் என்ற வைத்தியர் 1937இல் இதை விவரித்தார்.

சூடை மீன் முள்ளென்றால் கதை வேறு. சாப்பிடும்போதே தொடங்கும், ஒரே இடத்தில், ஒவ்வொரு விழுங்கலுக்கும் குத்தும். சோற்றை உருட்டி விழுங்கினால் முள் இன்னும் ஆழப் பதியலாம். முள் போன பிறகும் கீறல் ஓரிரு நாள் நோகும். அதற்கு மேலும் குத்தினால், அல்லது எச்சிலே விழுங்க முடியாவிட்டால், ஆஸ்பத்திரிதான்.

இனிச் செல் துண்டு. அந்த மே மாதத் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் உயிரைக் காப்பதே பெரும்பாடு. ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்க வழியில்லை. பிறகும் பல துண்டுகளை வைத்தியர்கள் தெரிந்தே விட்டுவைப்பார்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருங்கி ஓடுகின்றன. துண்டைத் தோண்டப் போய் அதைவிடப் பெரிய சேதம் வரலாம். உடம்பு துண்டைச் சுற்றி நாரால் உறை கட்டும். அநேகமானவை அப்படியே கிடக்கும். சில, வருடங்கள் கழித்தும் சீழ் பிடிக்கும் அல்லது இடம் மாறும். உலோகத் துண்டு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். எம்ஆர்ஐ ஸ்கான் மட்டும் கவனம். அது பெரிய காந்தம். இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். படுக்க முன்னமே சொல்லிவிட வேண்டும்.

சில அடையாளங்களுக்குத் தாமதிக்கவே கூடாது: சோறு இறங்காமல் சிக்குவது, உடம்பு மெலிவது, மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்முவது, கழுத்தில் கட்டி, இரத்தம், ஒரு பக்கக் காது நோ. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். காயத்துக்குப் பின் தோலுக்கடியில் நொறுநொறுத்தால், காற்றுக் கசிகிறதென்று அர்த்தம். அன்றைக்கே ஓட வேண்டும்.

"ராத்திரித் தேத்தண்ணியைக் குடிச்ச உடனை படுக்காதேங்கோ அக்கா. அதோட ஒருக்கா கிளினிக்குக்கும் போங்கோ. பிடரித் தழும்பைச் சொல்ல மறந்திடாதேங்கோ."

"அதை ஆரும் கேக்கிறேல்லையே தம்பி."

"கேக்காட்டியும் சொல்லுங்கோ."