டிவியோடு இணைக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?



கறவை மாடு பராமரிப்பு, காளான் வளர்ப்பு, கணக்குப் புத்தகம் எழுதுவது என்று பயிற்சி வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. ஒரு செல்போனைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்ப்பதைவிட, கூட்டமைப்பு அலுவலக டிவியில் ஒரு கம்ப்யூட்டரை இணைத்து எல்லாரும் சேர்ந்து பார்த்தால் என்ன என்று பல கூட்டங்களில் பேச்சு வருகிறது. பகலில் பிள்ளைகள் படிப்புக்கும், ராத்திரி குடும்பத்தோடு படம் பார்க்கவும் வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்கும் உறுப்பினர்களும் உண்டு. கடைக்காரர்கள் இதை 'ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்' என்பார்கள்.

கடையில் ஒரு தாளில் பத்துப் பெயர் எழுதி, கீழே மொத்தத் தொகை போட்டுக் கொடுப்பார்கள். அது புரியாமல் தலையாட்டினால் போவது யார் பணம்? மாதாமாதம் நாம் போட்ட சந்தாவும் சேமிப்பும்தான். அந்தத் தாளை நாமே படித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், கம்ப்யூட்டர் தேவையா?

யூடியூப் மட்டும் பார்க்கணும்னா கம்ப்யூட்டர் வேண்டாம். ஸ்மார்ட் டிவி போதும். இல்லை, டிவியில் செருகும் சின்ன ஸ்டிக் போதும். பென்டிரைவில் இருக்கும் வீடியோவைப் பல டிவிகள் நேராகவே ஓட்டும். முதலில் அதைச் செருகிப் பாருங்க.

கணக்கு டைப் செய்யணும், இணையத்தில் விண்ணப்பம் போடணும், பிரிண்ட் எடுக்கணும், நெட் இல்லாத நாளிலும் ஓட்ட நூறு வீடியோ சேர்த்து வைக்கணும் என்றால்தான் கம்ப்யூட்டர் தேவை. என்ன வேலைக்கு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பிறகு கடைக்குப் போங்க.

டிவியின் பின்பக்கத்தைப் பாருங்க

'ஹெச்.டி.எம்.ஐ' என்று எழுதிய பட்டையான துளை இருக்கிறதா? இருந்தால் ஒரே வயரில் படமும் சத்தமும் வந்துவிடும். 2006-ல் தொடங்கி நம் மாநில அரசு இலவசமாகக் கொடுத்த வண்ண டிவி போன்ற பழைய பெட்டிகளில் இந்தத் துளை இருக்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று வட்டத் துளைகள்தான் இருக்கும். இடையில் மாற்றுப் பெட்டி வைத்துப் படம் வரவைக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துகள் மங்கித் தெரியும், கணக்கு வேலை பார்க்க முடியாது. அப்படியென்றால் முதல் செலவு டிவிக்குத்தான்.

தாளில் எழுதியிருக்கும் பாகங்கள்

ஒரு சமையலறையை நினைச்சுக்குங்க. பிராசசர் என்பது சமைக்கும் ஆள். ராம் என்பது சமையல் மேடை. மேடை பெரிசா இருந்தா ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கும். எஸ்.எஸ்.டி. என்பது சாமான் வைக்கும் அலமாரி. எஸ்.எம்.பி.எஸ். என்பது அடுப்புக்கு வரும் கேஸ் மாதிரி. அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

*பிராசசர்:* வீடியோ பார்க்கவும் கணக்கு எழுதவும் விலை குறைந்த வகையே போதும். ஆனால் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிங்க. இன்டெல் பிராசசரில் 'எஃப்' என்று முடிந்தால் (உதாரணம்: ஐ3-12100எஃப்) அதில் படம் காட்டும் வசதி கிடையாது. எஃப் இல்லாததைவிட விலை குறைவு என்று வாங்கிவிட்டால், படம் வரவே தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டியிருக்கும். ஏ.எம்.டி.யில் 'ஜி' என்று முடியும் ரகத்தில் (5600ஜி போல) அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

*ராம்:* 8 ஜி.பி. போதும். இன்னொன்று போட இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்க. 2025 கடைசியில் ராம் விலை வெகுவாக ஏறியது. அதனால் பழைய கொட்டேஷனை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

*எஸ்.எஸ்.டி.:* இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய வகை ஹார்ட்டிஸ்க்கில் தட்டு சுழலும். கம்ப்யூட்டர் தயாராவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை, சீக்கிரம் வேலைக்கு வரும். 256 ஜி.பி. எடுத்துக்கொண்டு, வீடியோ சேரச் சேர வெளியில் மாட்டும் ஹார்ட்டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

*போர்டும் கேபினெட்டும்:* சின்னது என்றால் விலை குறைவு என்று நினைக்கிறோம். இங்கே பெரும்பாலும் தலைகீழ். 'மினி ஐ.டி.எக்ஸ்' போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம்தான். ஆனால் 'மைக்ரோ ஏ.டி.எக்ஸ்' போர்டைவிடப் பொதுவாக விலை அதிகம். வைக்க இடம் இருந்தால் பெரியதையே வாங்கலாம்.

*எஸ்.எம்.பி.எஸ்.:* கேபினெட்டோடு இலவசமாக வருவதை ஏற்காதீங்க. கரண்ட் ஏறி இறங்கும் நம்ம ஊர்களில் முதலில் போவது இதுதான்; போகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போகலாம். '80 பிளஸ்' முத்திரை உள்ளதாகக் கேளுங்க. கூடவே ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். அது படம் பார்த்து முடிக்க அல்ல. கரண்ட் போனதும் முறையாக அணைக்க.

காசு போடக் கூடாதவை

கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் எரியும் கேபினெட், தண்ணீரில் குளிரவைக்கும் கருவி: மூன்றும் நமக்கு வேண்டாம். டிவி 4கே இல்லை என்றால் 4கே என்று சொல்லி விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பாகம் சேர்க்காமல் வாங்கலாமா?

வாங்கலாம். இரண்டு வழி உண்டு.

ஒன்று, உள்ளங்கை அகலத்தில் வரும் மினி கம்ப்யூட்டர். 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் உள்ள பெட்டிகள் நம் வேலைக்குத் தாராளம்; கரண்டும் கொஞ்சம்தான் எடுக்கும். ஆனால் சிலவற்றில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. கேட்டு வாங்குங்க.

இரண்டு, கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்ற சிறிய கம்ப்யூட்டரைச் சரிசெய்து விற்பது. இதில் எண்ணைப் படிக்கத் தெரியணும். ஐ5-8500டி என்றால் நான்கு இலக்கத்தில் முதல் எண் 8, அதாவது எட்டாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டு எண் 12, பன்னிரண்டாம் தலைமுறை. இன்டெல்லில் எட்டுக்குக் கீழே வேண்டாம். ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ல் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழைய பெட்டி சிலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ துளை இருக்காது, 'டிஸ்பிளே போர்ட்' மட்டும் இருக்கும். அதற்கு மாற்று வயர் வாங்கணும்.

திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்க. கூட்டமைப்பின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டர் அது. காசு இல்லை என்றால் 'லினக்ஸ் மின்ட்' இலவசம். அதில் வீடியோ ஓட்ட வி.எல்.சி., டிவி போல் ரிமோட்டில் இயக்க கோடி (இதுவும் ஒரு மென்பொருளின் பெயர்தான்). இரண்டும் இலவசம்.

கரண்ட் பில்லும் பார்க்கணும்

40 வாட் எடுக்கும் பெட்டி தினம் 5 மணி நேரம் ஓடினால் 30 நாளைக்கு 6 யூனிட். 100 வாட் எடுக்கும் பழைய பெட்டி அதே நேரம் ஓடினால் 15 யூனிட். மாதாமாதம் வரும் இந்த 9 யூனிட் வித்தியாசத்தையும் விலையோடு சேர்த்துப் பாருங்க.

பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்னால் காற்றுப் போக இடம் விடுங்க. சூடு வெளியேறணும். எறும்பும் பல்லியும் கதகதப்பைத் தேடி வரும். மாதம் ஒருமுறை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்க.

வாங்கும்போது

* மூன்று கடையில், ஒரே வாரத்தில், ஒரே பட்டியலுக்குக் கொட்டேஷன் வாங்குங்க. பட்டியல் மாறினால் விலையை ஒப்பிட முடியாது.
* கொட்டேஷனில் "பிராசசர், ராம், போர்டு" என்று மட்டும் இருந்தால் ஏற்காதீங்க. கம்பெனி, மாடல் எண் எல்லாம் எழுதச் சொல்லுங்க.
* இரண்டு உறுப்பினர்களாவது சேர்ந்து போங்க. நம்ம வீடியோ உள்ள பென்டிரைவைக் கையில் கொண்டுபோய், அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க.
* ஜி.எஸ்.டி. பில், அதில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண், உத்தரவாதம் எத்தனை வருடம் என்ற விவரம்: மூன்றும் கோப்பில் இருக்கணும். உத்தரவாதம் பாகத்துக்குப் பாகம் மாறும்.

"கம்ப்யூட்டரெல்லாம் பசங்க சமாச்சாரம், அவங்களே பார்த்து வாங்கட்டும்" என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். நகை வாங்கும்போது எடை, செய்கூலி, சேதாரம் என்று மூன்றையும் கேட்டுத்தானே வாங்குகிறோம்? இதுவும் அப்படித்தான். பெயர்தான் புதுசு.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்க. உங்கள் குழுவின் தேவையை ஐந்து வரியில் எழுதுங்க. அந்த ஐந்து வரிக்குப் பொருந்தாத எந்தப் பாகமும் கடைக்காரர் தாளில் இருந்தால், "இது எதுக்குங்க?" என்று தைரியமாகக் கேளுங்க.